தகரத்தில் இரண்டு தட்டு

எங்கள் பக்கத்து ஜீப்புக்கு மணி கிடையாது. வண்டன்மேட்டைச் சுற்றியுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டியில், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் தலைத்துண்டும் தூக்குவாளியும்தான் தெரியும். அதனால் கடைசியாக ஏறுகிற ஆள் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். ரோடு காலியாகக் கிடந்தாலும் இரண்டாவது தட்டு விழாமல் நான் கிளட்சை விட்டதில்லை.

என் மனைவியின் முகத்தை அறிவதற்கு முன்னால் அவள் தட்டைத்தான் அறிந்தேன். வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடி வருவாள், எப்போதும் கடைசி ஆள் அவள்தான். சிலர் தட்டினால் கதவை உடைக்கிற மாதிரி இருக்கும். அவள் தட்டு டக் டக் என்று அடுத்தடுத்து விழும், யாரையோ எழுப்புகிற மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் முன் சீட்டுக்கு வரவில்லை. பெண்களோடு பின்னால் உட்கார்ந்துதான் தோட்டத்துக்கு வந்தாள், அவள்தான் தட்டினாள்.

நான் பயந்த சுபாவக்காரன். ஜீப்பை நிறுத்தினால் டயருக்குக் கல் வைப்பேன். பத்தடி நடந்ததும் திரும்பி வந்து கல் இருக்கிறதா என்று காலால் தள்ளிப் பார்ப்பேன். "அண்ணே, கல்லு எங்கயோ வேலைக்குப் போயிருச்சாம், சாயங்காலம் வரும்" என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்கள். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன் வேறு. யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால், எனக்குத் தெரிந்த ஒன்றாக அதை மாற்றிக்கொண்டால்தான் தலையில் நிற்கும். எனக்குத் தெரிந்ததோ ஜீப் ஒன்றுதான். இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏலக்காய் எடுப்பது விரல் நுனி வேலை. செடியின் அடியில் தரையோடு ஓடுகிற சரத்தில் முற்றிய காயை மட்டும் திருகி எடுக்க வேண்டும், பக்கத்துப் பிஞ்சு உதிரக் கூடாது. அவள் பேசிக்கொண்டே எடுப்பாள், சரத்தைப் பார்க்கவே மாட்டாள். அப்படிப்பட்ட கை ஒரு மழைக்காலத்தில் வீங்கத் தொடங்கியது. முதலில் வலது கை முட்டிகள், பிறகு இடது கை, பிறகு கால். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. எதிர் மலையில் வெயில் ஏறிய பிறகுதான் டீ கிளாஸைப் பிடிப்பாள். மழைக் குளிர் என்றோம், தைலம் தேய்த்தோம். வெயில் காலம் வந்தும் வீக்கம் போகவில்லை.

அவளுக்குத் தலை பின்ன நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

"என்னாங்க, சடை பின்னுறீங்களா, கயிறு திரிக்கிறீங்களா?"

"கயிறுதான எனக்குத் தெரியும். லோடு கட்டுற முடிச்சா ஒண்ணு போடவா? சாயங்காலம் வரைக்கும் அவுராது."

"போடுங்க போடுங்க. அப்புறம் அவுக்குறதுக்கு டிப்போவுலருந்து ஆள் கூப்பிடணும்."

சிரிப்பாள். சிரிக்கும்போது கை மடியில் அசையாமல் கிடக்கும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது, தலைமுடியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் மலையிறங்கி, கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு பெண். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார். ஆமவாதம் என்றார். நாம் முடக்குவாதம் என்கிறோமே, அதுதான். முதலில் மாத்திரைகள் கொடுத்தார். அவை அரைகுறையாகத்தான் கேட்டன. பிறகு மாதம் ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து ஒன்றைச் சொன்னார். அதன் பெயர் இன்று வரை என் வாயில் நுழையவில்லை.

"சேச்சியோட ரத்தத்துல டி செல்லுன்னு ஒண்ணு உண்டு," என்றார். "வெளியிலருந்து வர்ற கிருமிய அடையாளம் கண்டு சண்டைக்கு ஆள் சேக்குறது அதுதான். இப்போ அது சேச்சியோட மூட்டையே கிருமின்னு நெனச்சு சண்டை போடுது. சாதாரணமா உடம்புலயே அதுக்கு ஒரு பிரேக் உண்டு. சேச்சிக்கு அந்தப் பிரேக் சரியாப் பிடிக்கல. இந்த மருந்து ஒரு பிரேக் மாதிரி, அவ்வளவுதான்."

பிரேக் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

மருந்து கேட்டது. உடனே இல்லை. மூன்றாவது முறை ஏற்றிய பிறகு, ஒரு நாள் காலையில் நான் சீப்போடு போய் நின்றபோது அவள் ஏற்கெனவே தலை பின்னி முடித்திருந்தாள். கோணலான சடைதான், ஆனால் அவளே பின்னியது. "என்ன நிக்கிறீங்க, இனி உங்களுக்கு வேலை இல்ல" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அன்று முதல் அவளுக்கு ஒரே பேச்சுதான். அடுத்த காய் எடுப்புக்கு முதல் நாளே தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். "நாலு பொம்பளைக சத்தம் காதுல விழாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது." கூட வேலை செய்த பெண்களிடமும் சொல்லிவிட்டாள். அவர்கள் அவள் இடத்தைப் பின் கம்பி ஓரத்தில் காலியாகவே வைத்திருந்தார்கள். அந்தக் கை தோட்டத்துக்குத் திரும்புமா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஊர். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். மகளை ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் அங்கே தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி உள்ளே படுத்திருக்க, நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

"ஏனுங்க, உள்ளார இருக்கறது உங்க ஊட்டுக்காரம்மாளுங்களா?"

ஆமாம் என்றேன். வியாதியைச் சொன்னேன். பிரேக் போடுகிற மருந்து என்றும் சொன்னேன். எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான்.

அவர் சிரித்துவிட்டார். "அட, எனக்கு அதுக்கு நேர்மாறுங்க. நெஞ்சுக்குள்ள புத்துக்கட்டி. பிரேக்க அவுத்து உடற மருந்து எனக்கு. பிரேக்கு அவுந்தா நம்ம ரத்தமே அந்தக் கட்டியத் திங்குமாமுங்க. பாதி தின்னுபோட்டுதுன்னு படத்துல காட்டுனாங்க."

"அப்ப நல்லதுதானங்கய்யா."

"நல்லதுதானுங்க. ஆனா அவுந்த வண்டி எங்க போகும்னு யாரு கண்டா? இப்பப் பாருங்க." மணிக்கட்டை நீட்டினார். என் மனைவிக்கு வீங்கியிருந்த மாதிரியே வீங்கியிருந்தது. "கட்டியத் தின்னுபோட்டு மூட்டுக்கு வந்துருச்சு. உங்க ஊட்டுக்காரம்மாளையும் என்னையும் ஒரே வண்டில பூட்டுனா வண்டி அளவாப் போகும்னு நெனைக்கறேனுங்க."

நானும் சிரித்தேன். ஆனால் வீடு வந்து சேருகிறவரை அந்தப் பேச்சு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பிரேக்கை அவிழ்த்தால் புற்று கரைகிறது. இவளுக்கோ நாம் பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அப்படியானால் இவள் உடம்பில் எங்கேயாவது ஒன்று இருந்தால் அது வளராதா? பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குட்டிக்கானம் ஏற்றம் முழுவதும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். தப்பாகக் கேட்டுவிட்டால் என்ற கூச்சம். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரியது. அதனால் எனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனேன்.

மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் ட்ரம் சூடேறும். கருகிய வாசம் வரும். பெடல் பஞ்சு போலாகி, அழுத்த அழுத்த உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் பாதி இறக்கத்தில் ஒதுக்கி நிறுத்தி, கல் வைத்து, ட்ரம்மை ஆற விடுவோம். தண்ணீர் ஊற்றினால் ட்ரம் விரிசல் விட்டுவிடும், தானாகத்தான் ஆற வேண்டும். இங்கே மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மாதக்கணக்காக மிதித்தபடியே இருக்கிறோமே, இவளுக்குத்தான் கை நன்றாகிவிட்டதே, கொஞ்சம் ஆற விட்டால் என்ன? ஆறினால் பிரேக்குக்கும் நல்லது, உள்ளே ஏதாவது வளர்ந்தால் அதைத் தின்ன ரத்தத்துக்கும் வழி கிடைக்கும். இரண்டு கணக்கும் அவ்வளவு பொருத்தமாக வந்தன. பொருந்தி வந்ததால் சரி என்று நம்பினேன்.

அடுத்த முறை நெருங்கியபோது ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, அவளுக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இருந்தால் மருந்து ஏற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "காய்ச்சல் விட்டதும் போன்ல விளிக்கணும் கேட்டோ" என்றார் நர்ஸ். அவளிடம், டாக்டர் ஒரு மாதம் விட்டுப் போடலாம் என்றார் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப கொறைஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்?" என்றாள். நான் ஆமாம் என்றேன். அதற்கடுத்த மாதமும் இதையே செய்தேன்.

ஒரு காலை, சீப்பு சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது.

"மழை வரப்போகுதுல்ல, அதான்," என்றாள்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நாலைந்து நாளில் பழையபடி இரண்டு கையும் வீங்கின. இந்த முறை வலது மோதிர விரல் உள்பக்கமாக மடங்கி, அப்படியே நின்றது. காய் எடுப்பு தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அவள் வாசலில் நின்று, கூப்பிட வந்த பெண்களிடம், "நீங்க போயிட்டிருங்கடி, நான் அடுத்த எடுப்புக்கு வாரேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர்கள் போன பிறகு உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பஸ் படி ஏற அவளால் முடியாது என்பதால் அன்று ஆஸ்பத்திரிக்கு ஜீப்பிலேயே கிளம்பினோம். முதல் முறையாக முன் சீட்டில் உட்கார்ந்தாள். தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன் மேல் கைகளை வைத்திருந்தாள். ஒவ்வொரு குழிக்கும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பீர்மேட்டைத் தாண்டி இறக்கம் பிடித்து, பாதி வழியில் வழக்கமான வளைவில் ஒதுக்கினேன். கல் வைத்துவிட்டு வந்தேன்.

"இப்ப எதுக்கு நிறுத்துறீங்க? வண்டியில ஆளே இல்ல."

"ட்ரம் ஆறட்டும்."

அந்த வளைவிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவர் பேச்சு, புற்று வந்துவிடுமோ என்ற பயம், காய்ச்சல் என்று சொன்ன பொய், ட்ரம் கணக்கு. சொல்லும்போது ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பஸ் இறங்கிப் போனது. அடுத்த பஸ்ஸும் போனது.

"அப்ப, என்னைய ஓரமா நிறுத்தி ஆற வச்சிருக்கீங்க," என்றாள்.

நான் ஹேண்ட் பிரேக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்தேன்.

"கல்லு வச்சீங்களா?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கை வலிக்கிறது கெடக்கட்டும். டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொன்னீங்கள்ல, அதுதான் வலிக்கிது. நான் அன்னைக்குக் கோயில்ல போயி நன்றி சொல்லிட்டு வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு அவள் மெழுகுவர்த்தி ஏற்றியது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று நானும்தான் ஏற்றினேன்.

"பயம் வந்தா எங்கிட்டச் சொல்லுங்க. ரெண்டு பேருமா பயப்படுவோம். தனியாப் பயந்து தனியா ஒரு முடிவு எடுக்காதீங்க, சரியா?" வீங்கின கையைத் தலையணையிலிருந்து தூக்கி என் முழங்கை மேல் வைத்தாள். சுடச்சுட இருந்தது. "ஆறிருச்சா ட்ரம்மு? எடுங்க வண்டிய."

டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சத்தம் போடவில்லை. "பிரேக்குன்னு சொன்னது என்ட தப்பு" என்றார். ஒரு சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டார்.

"இது டி செல். எதிரின்னு ஒண்ணப் பாத்தாலும் இது உடனே சண்டைக்குப் போகாது. பக்கத்துல இருக்கிற இந்தச் செல் இதுக்கு ரெண்டாவதா ஒரு சிக்னல் கொடுக்கணும். அது கிடைச்சாத்தான் போகும்."

என் மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஜீப்புல தட்டுற மாதிரியா டாக்டரம்மா?"

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். டிரைவருக்கு ரோடு தெரிந்தால் மட்டும் போதாது, பின்னாலிருந்து இரண்டு தட்டு விழ வேண்டும் என்று. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அதேதான் சேச்சி! சண்டை போதும்னு ஆகும்போது டி செல்லே ஒரு கைய நீட்டி, தட்டுற அந்தக் கையப் பிடிச்சுக்கும். தட்டு விழாது, வண்டி போகாது. உங்களுக்கு அப்படிப் பிடிக்கிற கை போதல. நாங்க ஏத்துற மருந்து, வெளியில செஞ்ச அதே கை. மாசம் ஆக ஆக அது உடம்புல கொறஞ்சு போகும். அதனாலதான் திரும்பத் திரும்ப ஏத்துறோம்." என்னைப் பார்த்தார். "இதுல சூடாகுற ட்ரம் ஒண்ணும் இல்ல சேட்டா. இடைவெளி விட்டா எதுவும் ஆறாது. தட்டுற கைங்கதான் ஃப்ரீ ஆகும்."

பிறகு பெஞ்சுப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். வாய் குழறித்தான் கேட்டேன். அவருடையது வேறொரு பிரேக் என்றார் டாக்டர். டி செல்லின் மேலேயே இருக்கிற ஒன்று, அதைப் புற்றுக்கட்டியே அழுத்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளும். அவர் மருந்து அந்த அழுத்தத்தை எடுத்துவிடுகிறது, எடுத்தால் சிலருக்கு மூட்டும் வீங்கும். "நீங்க பயந்தது முட்டாள்தனம் இல்ல. இந்த மருந்து போடுறவங்களுக்குக் கிருமி சீக்கிரம் தொத்தும், புத்து விஷயத்துலயும் கண்ணு வச்சிருக்கணும். அதுக்குத்தான் நான் ஒவ்வொரு தடவையும் சோதிக்கிறேன். ஆனா அந்தப் பயத்த எங்கிட்டக் கொண்டு வரணும். பயப்பட வேண்டிய வேலை என்டதும்தானே?"

"விரல் நிமிருமா?" என்று கேட்டாள் என் மனைவி.

டாக்டர் அந்த விரலை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். "வீக்கம் போகும். இந்த விரலுக்கு மட்டும் நான் வாக்கு கொடுக்க மாட்டேன்."

மறுபடி மாதாமாதம் போனோம். இப்போது அவள்தான் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுவாள். எனக்கு ஒரு பயம் வந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. "இன்னைக்கு என்ன?" என்று சோறு போடும்போது கேட்பாள். சொல்வேன். சிலவற்றுக்குச் சிரிப்பாள், சிலவற்றை டாக்டருக்கென்று எடுத்து வைப்பாள். பெரியவரை ஒரு முறை பார்த்தோம். மூட்டு வீக்கத்துக்காக அவர் மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி, வேறு மாத்திரை கொடுத்திருந்தார்கள். "பாருங்க, எனக்கும் பிரேக்குப் போடறாங்க," என்றார். கட்டி அப்படியே அடங்கிக் கிடக்கிறதாம். என் மனைவியின் கையைப் பார்த்து, "அம்மிணி கை நல்லாருக்குதுங்களே" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது, அந்த ஒரு விரலைத் தவிர. அது நிமிரவில்லை. தலை பின்னும்போது அந்த விரல் மட்டும் தனியே மடங்கி நிற்கும். பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு மாதம் எனக்குள் வந்து போகும். பார்ப்பதை அவள் கண்டுவிட்டால், "அது மோதிரத்தக் கெட்டியாப் புடிச்சு வச்சிருக்கு, விடுங்க" என்பாள்.

அந்த வருடத்துக் கடைசிக் காய் எடுப்பின்போது அவள் தோட்டத்துக்குக் கிளம்பினாள். சரத்தில் குனிந்து எடுக்கிற வேலை இல்லை. காயை உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலை. பனி விலகாத காலை. பெண்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"டிரைவரு பொண்டாட்டி முன் சீட்டுக்குப் போகட்டும்டி, குஷன் இருக்கு!"

"போடி, அந்த மனுசன் பக்கத்துல உக்காந்தா வழிபூரா என் கையையே பாத்துட்டு ரோட்ட விட்டுருவாரு. நான் பின்னாலதான் வருவேன்."

சிரிப்புச் சத்தம். அவளைத் தூக்கி ஏற்றுகிற சத்தம். கண்ணாடியில் தலைத்துண்டுகள் மட்டும்தான் தெரிந்தன. நான் எஞ்சினைப் போட்டு, கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி இருந்தேன்.

தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது.

ஒன்று என்றால் நில். நின்றேன். பின்னால் சிரிப்பு அடங்கிவிட்டது. வலிக்கிறதோ, கையை இழுத்துக்கொண்டாளோ, இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று கதவுப் பிடி வரை கை போனது. போகாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முன்னால் ரோடு காலியாகத்தான் கிடந்தது.

இரண்டாவது தட்டு விழுந்தது. பழைய வேகம் இல்லை, மெதுவாக, உள்ளங்கை முழுவதும் படாத சத்தம்.

"என்னாங்க, கேட்டுச்சா இல்லியா?" என்று கத்தினாள்.

"கேட்டுச்சு," என்றேன். கிளட்சை விட்டேன்.